தண்ணீர் தேறாத நாள்

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, படித்து, எப்படியோ டவுன் பக்கம் வந்து சேர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளையின் போன் இரண்டு தரம் அடித்து யாரும் எடுக்காவிட்டால் நமக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

போன மழையில் என் மகன் கேகாலைக்கு வகுப்புக்குப் போனவன், அங்கிருந்து கூட்டாளி ஒருவனோடு அரநாயக்கப் பக்கம் போய்விட்டான். பாதையில் மண் சரிந்தது. போனும் செத்துப்போனது. ஒரு இரவும் மறுநாள் பின்னேரம்வரையும் அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே எனக்குத் தெரியாது. வரக்காப்பொலயில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்.

"மனசத் தேத்திக்கங்க அக்கா."

மூன்றாம் நாள் மத்தியானம் முழங்கால்வரை சேற்றோடு வந்து, "என்னம்மா, சோறு இருக்கா?" என்று கேட்டான். அவன் தின்று தூங்கி எழுந்து மறுபடி வகுப்புக்கும் போகத் தொடங்கிவிட்டான். நான்தான் இன்னும் அவன் வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன். தேத்திக்கங்க என்ற அந்தச் சொல்லும் காதை விட்டுப் போகவில்லை. முதலில் அதன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான், அது யாருடைய சொல் என்று ஞாபகம் வந்தது. அது என் அம்மாவின் சொல்.

சின்ன வயதில் அதை நான் தப்பாகத்தான் விளங்கி வைத்திருந்தேன். எங்கள் லயத்தில் யாராவது அழுதால் முதலில் அடுப்பில் கேத்தல் ஏறும். "அவளத் தேத்துங்கடி" என்று ஒருத்தி சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொருத்தி கோப்பையோடு வந்து நிற்பாள். தேத்தண்ணி கொடுப்பதுதான் தேத்துவது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாத்தியார் 'தேற்றினாள்' என்ற சொல்லை வைத்து வசனம் எழுதச் சொன்னார். நான் ஒன்றுக்கு மூன்றாக எழுதினேன். மாமா அழுதார். அம்மா மாமாவைத் தேற்றினாள். மாமா சீனி போதாது என்றார்.

வாத்தியார் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொப்பியைத் தூக்கிக்கொண்டு பெரிய வகுப்புக்கே போய்விட்டார். அந்த வாரம் முழுக்கப் பெரிய பிள்ளைகள் என்னைக் கண்டால், "ஏய், ஒனக்குச் சீனி போதுமா?" என்று கேட்டார்கள். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. அந்தக் கொப்பி இப்போது இல்லை. அது எப்படிப் போனது என்ற கதைதான் இது.

அம்மாவுக்கு லயத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: பதறி. எல்லாவற்றுக்கும் பதறுவாள். கொழுந்து லொறி வளைவில் கொஞ்சம் சுணங்கினால் பதறுவாள். நான் ஒருதரம் தும்மினால் மூன்றுதரம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அப்பா வேலை விட்டு வர நேரமானால் பாதை வளைகிற முடக்கில் போய் நிற்பாள். "பதறிக்கு இன்னிக்கி என்னாவாம்?" என்று ஊற்று நீர் விழுகிற பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவும் கூடவே சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்குவாள். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் மாதிரி இவள் ஏன் இல்லை என்று நினைப்பேன்.

அம்மா எங்கள் மலைக்காரி இல்லை. குருவிட்டப் பக்கம், மாணிக்கக் குழிகளுக்கு அடுத்திருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அங்கே குழிக்காரர்கள் மண்ணைக் கழுவிக் கழுவி, ஓடை வருஷம் பூராவும் கலங்கியே ஓடுமாம். அதனால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தேத்தாங்கொட்டை இல்லாமல் சமையல் இல்லை. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் உருண்டையான, மங்கலான மஞ்சள் கொட்டை. மண்பானையின் உள்பக்கத்தில் அதை நன்றாக உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால், மண்ணெல்லாம் மெல்ல மெல்லக் கீழே போய் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். இதற்குத் தண்ணியத் தேத்துறது என்பாள் அம்மா.

எங்கள் மலையில் பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பாக வரும். அதற்காக அம்மா கொட்டை வாங்கி வைப்பதைப் பார்த்துக் கடைக்கார நானா கேலி செய்வார்.

"இங்கினி ஈக்கி, தாறன். ஆனா ஒங்கட ஊட்டுக்காரர் ஒங்கள ஏசுவார் புள்ள, நல்ல தண்ணிக்கிக் கொட்டை வாங்குறீங்கன்னு."

நான் கண்ட இன்னொன்றும் உண்டு. தண்ணீர் தெளிவாக இருக்கிற நாளிலும், பயம் வந்துவிட்டால் அம்மா அந்தப் பானை முன்னால் போய்க் குந்திக்கொள்வாள். கொட்டையை எடுத்துப் பானை விளிம்பில் உரசிக்கொண்டே, "தேத்திக்க… தேத்திக்க…" என்று முணுமுணுப்பாள். தண்ணீரோடு பேசுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். உரசி முடிந்ததும் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பாள். அந்த நேரத்தில் நான் பானையைத் தொட்டால் அடி விழும். "ஆட்டாத" என்பாள். வேறு விளக்கமெல்லாம் கிடையாது.

அந்த வருஷம் மழை தொடங்கி நாலாவது நாள் வேலை நிறுத்திவிட்டார்கள். விறகு நனைந்து காம்பரா முழுக்கப் புகை. தம்பி அப்போது கைக்குழந்தை. அவன் துணிகளை அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டிருந்தோம். நாங்கள் உடுத்திருந்ததும், தின்ற ரொட்டியும் எல்லாம் புகை மணந்தன. எங்கள் லயத்தில் ஆறு காம்பரா. பின்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற ஒரு கான், கானுக்கு அப்பால் நெட்டுக்குத்தாக மலை. மழைச் சத்தத்தில் பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். கடைசிக் காம்பராவில் கங்காணி இருந்தார். ஆம்பிளைகளெல்லாம் அவர் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் கேரம் விளையாடினார்கள். அப்பாவும் அங்கேதான்.

காலையில் பீலிக்குப் போன நான் குடத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். மஞ்சள் அரைத்துக் கரைத்த மாதிரி தண்ணீர். வழக்கமாக மழையில் வருகிற சருகு, தூசி எதுவும் இல்லை. விரலை விட்டால் நகம் தெரியவில்லை. விரலில் வழவழவென்று ஒட்டியது. அழகாக இருக்கிறது என்றே நினைத்தேன்.

அம்மா கொட்டையை உரசி அதைப் பானையில் ஊற்றி வைத்தாள். ரொட்டி சுட்டு முடித்தாள். வந்து பார்த்தாள். கொஞ்சமும் இறங்கவில்லை. தம்பியைக் குளிப்பாட்டினாள். வந்து பார்த்தாள். அப்படியேதான். அதைக் கொட்டிவிட்டுப் பானையைக் கழுவி, புதுக்கொட்டை எடுத்து, இந்த முறை அவளே பீலிக்குப் போனாள். திரும்பி வந்தபோது குடத்தில் இருந்தது தண்ணீரா கூழா என்று சொல்ல முடியாது. அதைப் பானையில் ஊற்றிய கையோடு அம்மா பதறிவிட்டாள்.

தலையில் துணிகூடப் போடாமல் மழையில் ஓடினாள். "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க! மல வருது!" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கேரம் பலகையைச் சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கங்காணி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மல வருதாம். தூரத்துல இருந்து வர்ற விருந்தாளி, ஒரு பாயப் போட்டு வைங்கப்பா" என்றார்.

இஸ்தோப்பே சிரித்தது. அப்பாவின் முகம் கறுத்தது.

"ஏய், உள்ள போ. மானத்த வாங்காத."

"தண்ணியப் பாருங்க, வந்து தண்ணியப் பாருங்க…"

"மழையில தண்ணி கலங்காம பாலாவா வரும்? போடி உள்ள!"

அம்மா திரும்பி வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பட்டப்பெயருக்குத் தகுந்தபடி ஆடிவிட்டாளே என்று இருந்தது. அவள் நனைந்த சேலையோடு பானை முன்னால் குந்தினாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கொட்டையை உரசக்கூட முடியவில்லை, கீழே வைத்துவிட்டாள்.

"தேத்திக்க… தேத்திக்க…"

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் தெளிகிறதா என்று நான் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மஞ்சளாகவே இருந்தது. ஆனால் அம்மாவின் மூச்சு மெல்ல இறங்கியது. தோள் இறங்கியது. கை நின்றது. பானைக்குள் கடைசியாக ஒருதரம் பார்த்தாள்.

"இது தேறாது" என்றாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்பு இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

எழுந்தாள். தம்பியைத் துணியால் மார்போடு கட்டினாள். காய்ந்த துணிகளை மூட்டையாக்கி என் தலையில் வைத்தாள். வெளியே வந்து கங்காணியின் இஸ்தோப்புக்கு முன்னால் மழையிலேயே நின்றாள். இந்த முறை கத்தவில்லை. மழைக்கு மேலே கேட்கிற அளவுக்கு மட்டும் பேசினாள்.

"என்னாங்க, நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஸ்டோருக்குப் போறேன். எங்க ஊருல மாணிக்கக் குழி இடிஞ்சு மூடுன அன்னிக்கும் தண்ணி இப்பிடித்தான் வந்துச்சு. அடி மண்ணு கரையுது. நீங்க வர்றதுன்னா வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா சுண்டிவிட்ட காய் பலகையில் ஓடி எங்கோ முட்டி நின்றது. பக்கத்துக் காம்பராச் சித்தி வாசலில் வந்து நின்று அம்மாவையே பார்த்தாள். பீலியடியில் அம்மாவை முதலில் பதறி என்று கூப்பிட்டவள் அவள்தான்.

"ஐயோ, என்னாடி இவ இப்பிடிப் பேசுறா?" என்றாள் சித்தி. "இவ கத்துனா எனக்கு ஒண்ணுமில்ல. இப்பத்தான் எனக்குப் பயம் வருது. டேய், எந்திரிங்கடா எல்லாரும்!"

அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். அதைப் பார்த்து அடுத்த காம்பரா. அதற்கடுத்த காம்பரா. கங்காணி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரி சரி, கேரத்த ஸ்டோருல போயி வெளயாடுவம்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லி, பலகையைத் தலையில் கவிழ்த்துக் குடையாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அப்பா மட்டும் எழும்பவில்லை. எல்லாருக்கும் முன்னால் மனைவியை ஏசியவர், எல்லாருக்கும் முன்னால் அவள் பின்னால் எப்படிப் போவார்? "நான் வரல. போறவங்க போங்க" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கெஞ்சவில்லை. என் கையைப் பிடித்து, "நட" என்றாள். நான் "அப்பா, அப்பா" என்று அழுதுகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஒருதரம்கூடத் திரும்பவில்லை. அந்தப் பாதை முழுக்க நான் அவளை வெறுத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். திரும்பினால் கால் நின்றுவிடும், நின்றால் இரண்டு பிள்ளைகளும் போய்விடும் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள் என்பது, என் பிள்ளை காணாமல் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோர் எதிர்ப்பக்க மேட்டில் இருந்தது. வாசலில் ஈரச் சாக்குகளுக்கு நடுவில் எல்லாரும் ஒடுங்கி நின்றோம். அம்மா தூணோரமாக நின்று நாங்கள் வந்த பாதையின் முடக்கையே பார்த்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. பானை இல்லாமலே அந்தச் சொல்லை அவள் சொல்வதை அன்றுதான் பார்த்தேன். அது தண்ணீருக்குச் சொன்னதல்ல, தனக்கே சொன்னது என்று அப்போதுதான் தெரிந்தது.

சித்தி பக்கத்தில் வந்து, "அக்கா, நம்ம பையனுங்கள யாரையாச்சும் அனுப்பிக் கூட்டியாரச் சொல்லவா?" என்று கேட்டாள். லயத்தில் அம்மாவை யாரும் அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"வேணாம். போறவனும் ஒரு தாயி பெத்தவன்" என்றாள் அம்மா.

கங்காணி பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரும் முடக்கைப் பார்க்கத் தொடங்கினார். எல்லாருமே பார்த்தோம்.

முடக்கில் அப்பா வந்தார். ஆம்பிளை ஒருவர் இடுப்பில் பானை வைத்துக்கொண்டு வருவதை எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. வந்ததும் அதைத் தொப்பென்று அம்மாவின் காலடியில் வைத்தார்.

"பானைய விட்டுட்டு வந்துட்ட. நாளைக்கி எதுல தண்ணி புடிப்ப?" என்று அதட்டினார்.

அம்மா குனிந்து உள்ளே பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த மஞ்சள் தண்ணீர் அப்படியே இருந்தது. வெறும் பானையாகத் தூக்கினால் பாரம் பாதிகூட இருந்திருக்காது. அதைக் கொட்டாமல், வழுக்குகிற பாதையில், சிந்தாமல் கொண்டுவந்திருந்தார். நாங்கள் போன பிறகு தனியாக உள்ளே போய் அந்தப் பானை முன்னால் அவரும் குந்தியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதில்லை.

அவர் சட்டையைப் பிழிந்து முடிப்பதற்குள் சத்தம் கேட்டது. இடிச் சத்தம் இல்லை. நிறைந்த கொழுந்துச் சாக்குகளை நூறு பேர் ஒரே நேரத்தில் தரையில் இழுப்பது போன்ற சத்தம். எதிரே மலையின் ஒரு பக்கம் மரங்கள் நின்றபடியே நகர்ந்து வந்தன. ஆறு காம்பராவில் நாலு போனது. எங்களுடையதும் போனது. அப்பாவின் ரேடியோ, அம்மி, கல்யாணப் படம், என் கொப்பி, கங்காணியின் இரண்டு ஆடுகள், எல்லாம் போயின. ஒரு ஆள்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு நடுக்கம் திரும்பி வந்தது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். சித்திதான் கஞ்சி ஊட்டினாள். கங்காணி சாமர்த்தியமாக ஆட்களை வெளியேற்றினார் என்று மேலிடத்துக்கு யாரோ எழுதி அனுப்பினார்களாம். கங்காணி நல்ல மனுஷன். அம்மாவைப் பார்க்க வந்து, "நான் வெளியேத்துனது கேரம் பலகைய மட்டுந்தான் தங்கச்சி. அத யாருக்கிட்ட போயிச் சொல்ல?" என்று தலையைச் சொறிந்தார்.

வருஷங்கள் கழித்து, ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்து நூலகத்தில் அந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். தேறு என்றால் தெளிதல். தேற்று என்றால் தெளிவித்தல். கலங்கல் இறங்கித் தெளிந்த கள்ளுக்குப் பழைய நாளில் தேறல் என்று பெயர். கொட்டைக்கும் பெயர் அதனால்தான். நோயிலிருந்து எழும்பினாலும் தேறினான். சோதனையில் சித்தியடைந்தாலும் தேறினான். கேத்திர கணிதத்தில் படிப்படியாக நிறுவி, இனிச் சந்தேகமில்லை என்று நிற்கிற இடத்துக்கும் தேற்றம் என்றே பெயர். தேத்தண்ணியின் தே மட்டும் எங்கிருந்தோ கப்பலேறி வந்தது. அதற்கும் இதற்கும் உறவே இல்லை. நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். நம் அயல் சிங்களச் சனங்கள் இதே இடத்தில் 'ஹித ஹதாகன்ன' என்பார்கள். மனதைத் திருத்திக்கொள் என்று அர்த்தம். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் அது உடைந்ததைச் சரிசெய்யச் சொல்கிறது. நம்முடையது எதையும் உடைந்ததாக நினைக்கவில்லை; ஆட்டாமல் விடு, பிறகு பார் என்கிறது. இன்னொருவர் நம்மைத் தேற்றலாம். தேத்திக்கொள்வதை நாமேதான் செய்ய வேண்டும்.

என் வாசலுக்கு வந்தவர்கள் சொன்னது உண்மையில் அடங்கு என்பதுதான். அழுகையை நிறுத்து, பார்க்க எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பது. அம்மா அடங்கியதே இல்லை. பயத்தைக் கீழே உட்காரவிட்டு, மேலே தெரிவதைப் பார்த்தாள். தெளிந்தால் எழுந்து சமைக்கப் போவாள். தெளியாவிட்டால் மூட்டையைக் கட்டுவாள். இரண்டாம் நாள் காலையில் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத் தெளியவில்லை. எழுந்து வகுப்பு வாத்தியாரைத் தேடிப் போய், கூட்டாளிப் பையனின் ஊரைக் கேட்டு, அந்த ஊர்ப் பஸ் கண்டக்டரைப் பிடித்து விசாரித்தேன். பிள்ளைகளெல்லாம் ஒரு பௌத்தப் பன்சலையில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று பின்னேரம் தெரிந்தது. அம்மாவின் நிதானத்தில் கால்வாசிகூட எனக்கு இல்லை. நடுரோட்டில் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அன்றைக்கு அவள் சொன்னது சரி என்று அவர் கடைசிவரை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களை மலையின் மறுபக்கச் சரிவில் தகரக் கொட்டில்களில் குடியேற்றியிருந்தார்கள். மழை பெய்கிற காலைகளில் முதல் தண்ணீர் பிடிக்க அவரே போவார். பானையில் ஊற்றுவார். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிற மாதிரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கத்தி எப்போதோ கூராகியிருக்கும். அம்மா தன் வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு வந்து குனிந்து பார்ப்பாள்.

"தேறும். போயிட்டு வாங்க" என்பாள். அவர் கத்தியைத் தூக்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் காலையில் அம்மா நெடுநேரம் பார்த்தாள். தேறும் என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. தம்பியைத் தூக்கித் தோளில் போட்டார். மூட்டையை எடுத்து என் தலையில் வைத்தார். அவரே முன்னால் இறங்கி, லயத்து ஆட்கள் எல்லாரும் பார்க்க, மழையில் ஸ்டோரை நோக்கி நடந்தார்.

அன்றைக்கு மலை வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வெயில்கூட அடித்தது. திரும்பி வருகிற பாதையில் யாரோ ஒருவர் சிரித்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா நின்று, அவள் பக்கத்தில் வருகிறவரை காத்திருந்தார்.

"நாளைக்கும் பாத்துச் சொல்லு புள்ள" என்றார்.